மாடு மேய்க்கத்தான் லாயக்கு!

எழுதி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. நடுவுல ரெண்டு உழவு மழை பெஞ்சது. ஈரம் காயறதுக்குள்ள காட்டை ஓட்டிப் போடணும், வேலியைச் சரி பண்ணணும்னு ஓடிக்கிட்டே இருந்தேன். ஆனா ஒரு விசயம் மனசுல முள்ளு மாதிரி தைச்சுக்கிட்டே இருக்குது. அதை எழுதிட்டாத்தான் தூக்கம் வரும்.

சித்திரை மாசம் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போயிட்டு பஸ்ல திரும்பி வந்துக்கிட்டு இருந்தேன். மாடு எதுவும் தகையலை, புதுசா ரெண்டு கவுறு மட்டும் வாங்கிக் கையில வெச்சிருந்தேன். எதிர் சீட்டுல ஒரு அம்மணியும் பையனும். பையனுக்கு பத்து பதினோரு வயசு இருக்கும். பரிட்சை மார்க்கைப் பத்திப் பேச்சு ஓடுச்சு. அந்த அம்மணி கோவத்துல சொல்லுச்சு: "இப்படியே போனீன்னா நீ மாடு மேய்க்கத்தான்டா லாயக்கு."

அந்தப் பையன் நிமிந்து நேரா என்னையப் பார்த்தான். என் வேட்டியைப் பார்த்தான், துண்டைப் பார்த்தான், கையில இருந்த கவுத்தைப் பார்த்தான். அப்பறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அவங்க அம்மாவும் என்னையப் பார்த்துட்டு சங்கடமா சன்னல் பக்கம் திரும்பிக்கிச்சு. அந்தம்மா என்னையத் திட்டலைங்க. எனக்கும் அது தெரியும். ஆனா அந்தப் பையனுக்கு, "இதுதான் தோத்துப் போன மனுசனோட உருவம்"னு நான் உதாரணமா உக்காந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததுல இருந்து ஒவ்வொரு பேச்சையும் கவனிக்க ஆரம்பிச்சேன். ஒருத்தரை மட்டம் தட்டணும்னா நம்ம பாசையில எத்தனை வார்த்தை! பட்டிக்காட்டான், எருமை மாடு, வெட்டிப்பய, பதர், சல்லிக்காசு பெறாதவன், வெங்காயம்... இதுல முக்கால்வாசி எங்க காட்டுல இருந்தும் தொழுவத்துல இருந்தும் போன வார்த்தைங்க. அதனால இதைப் பத்திப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்குதுன்னு நினைக்கறேன்.

முதல்ல "பட்டிக்காட்டான்". எங்க கொங்குப் பக்கத்துல காடுன்னா புலி, யானை இருக்கற வனம் இல்லீங்க. மழையை நம்பி வெதைக்கற நிலத்துக்குப் பேரு காடு. "எங்க போறே?"ன்னு கேட்டா "காட்டுக்கு"ன்னுதான் பதில் சொல்லுவோம். பட்டின்னா ஆடு அடைக்கற எடம். மூங்கில் படலை வட்டமாக் கட்டி ராத்திரிக்கு ஆட்டை அடைப்பாங்க. ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா படலைப் பேத்து பக்கத்துல நகர்த்துவாங்க. ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுல எறங்கி, அடுத்த வெள்ளாமைக்கு வேற எருவே வேண்டியதில்லை. பட்டி போட்ட எடம் எது, போடாத எடம் எதுன்னு பயிரோட பச்சையைப் பார்த்தே சொல்லிப்புடலாம். ஆண்டிபட்டி, உசிலம்பட்டி, கோவில்பட்டின்னு தமிழ்நாடு பூரா ஊர்ப் பேரே பட்டியிலதான் முடியுது. ஆக, பட்டியும் காடும் வெச்சிருக்கறவன்னா சொத்து வெச்சிருக்கறவன்னுதான் எங்க ஊர்க்காரன் புரிஞ்சுக்குவான். அது டவுனுக்குப் போனதும், முட்டாய்க் கடையைப் பார்த்து வாயைப் பொளக்கறவன்னு ஆயிப்போச்சு.

அடுத்து எருமை. "எருமை மேல மழை பெஞ்ச மாதிரி நிக்கறான்"னு சொல்றாங்க. சொரணையே இல்லையாம். எருமை வளர்த்தவங்களைக் கேட்டுப் பாருங்க. எருமைக்குத் தோல் கருப்பு, பசுமாட்டு அளவுக்கு வேர்வைச் சுரப்பி கெடையாது. அதனால வெயிலைத் தாங்காது. எங்க தண்ணி கெடந்தாலும், சேறு கெடந்தாலும் போயிப் படுத்துக்கும். மழை வந்தா அசையாம நிக்கறது சொரணை கெட்டுப் போயி இல்லீங்க, ஒடம்பு குளுந்து சொகமா நிக்குது. வேகாத வெயில்ல நடந்து வந்து ஃபேனுக்கு அடியில கண்ணை மூடி உக்காருறீங்களே, அதே சொகம்தான் அதுக்கும்.

"வெட்டி"ங்கற வார்த்தைதான் என்னைய ரொம்ப யோசிக்க வெச்சுது. வெட்டிப்பய, வெட்டிப்பேச்சு, வெட்டி ஆபீசர்னு எவ்வளவு சுலபமாச் சொல்றோம். சோழர் காலத்துக் கல்வெட்டுகள்லயே வெட்டிங்கற வார்த்தை இருக்குது. கூலி இல்லாமக் கட்டாயமாச் செய்யவேண்டிய உழைப்புக்குப் பேரு வெட்டி. ஊர்ப் பொதுவேலைக்கு ஆளுங்க வந்து உழைச்சுக் குடுக்கணும், காசு கெடைக்காது. தெலுங்குலயும் இது உண்டு. தெலங்கானாவுல ஜமீன்தார்களுக்குக் கூலியில்லாம ஊழியம் பண்ணினதுக்கு வெட்டி சாகிரின்னு பேரு. 1946-ல இருந்து 1951 வரைக்கும் அங்க விவசாயிங்க நடத்துன ஆயுதப் போராட்டத்துக்கு அதுவும் ஒரு முக்கியமான காரணம்.

நம்ம ஊருப் பக்கம் வெட்டியான்னு ஒரு ஊழியர் இருப்பாரு. வாய்க்கால்ல தண்ணி திருப்பி விடணும், சேதி சொல்லப் போகணும், எழவு விழுந்தா சுடுகாட்டு வேலை பூரா பார்க்கணும். வருசம் பூரா ஓடியாடினாலும், களத்து மேட்டுல அளந்து போடற தானியந்தான் அவருக்கு வரும்படி. கூலி வராத வேலை, அதனால பிரயோசனம் இல்லாத வேலைன்னு வார்த்தை அப்படியே வழுக்கிக்கிட்டே வந்து, இன்னைக்கு வேலையே செய்யாதவனுக்கு வெட்டின்னு பேரு. எலும்பு தேய உழைச்சவனோட பேரு சும்மா இருக்கறவனுக்குப் போயிடுச்சு. இதை விட அநியாயம் ஒரு வார்த்தைக்கு நடக்குமாங்க?

காசு விசயத்துலயும் பாருங்க. "தம்பிடி பெறாது"ன்னு எங்கம்மா அடிக்கடி சொல்லும். அந்தக் காலத்துக் கணக்குல ஒரு ரூவாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 தம்பிடி. ஆக, ரூவாயில 192-ல ஒரு பங்கு தம்பிடி. 1957-ல நயா பைசா வந்ததும் இந்தக் கணக்கெல்லாம் போயிடுச்சு. நான் தம்பிடியைக் கண்ணால பார்த்ததே இல்லை. ஆனா அந்தக் காசுக்குக் கூட நான் பெறமாட்டேன்னு சின்ன வயசுல நூறு தடவை கேட்டிருக்கேன். காசு செத்தும் வசவு சாகலை.

இதுல எல்லாத்துக்கும் டவுன்காரங்களைக் குத்தம் சொல்ல முடியாதுங்க. சில வார்த்தைகளை நாங்களே பண்ணினோம். "பதர்" எங்களோடது. காத்துல தூத்தறப்ப மணி நேராக் கீழ விழும், பதர் பறந்து தள்ளிப் போயி விழும். உள்ள ஒண்ணும் இல்லை, தோலு மட்டும். அதைப் பார்த்தவன்தான் ஒரு மனுசனை "பதர்"னு சொல்லியிருப்பான். வார்த்தை கொடூரமா இருந்தாலும் உவமை சரியான உவமை. ஆனா அதே விவசாயிக்கு இன்னொண்ணும் தெரியும். பூக்கற நேரத்துல வெயில் தீச்சா மணி பிடிக்காது. பால் பிடிக்கற நேரத்துல நாவாய்ப்பூச்சி வந்து உறிஞ்சுனா பதராயிடும். தண்ணி பத்தலைன்னாலும் அப்படித்தான். பயிரு சாவியாப் போச்சுன்னா, "ஏன் இப்படி ஆச்சு"ன்னு பூச்சியைத் தேடுவோம், தண்ணியை யோசிப்போம். பயிரைப் பார்த்து "நீ லாயக்கில்லை"ன்னு எவனும் திட்ட மாட்டான். புள்ளைங்ககிட்ட மட்டும் ஏன் அப்படித் திட்டறோம்?

"உன் பருப்பு இங்க வேகாது"ங்கறதும் அப்படித்தான். எங்க தோட்டத்துல போர்த் தண்ணி சப்பு உப்பு. அதுல பருப்பு போட்டா எத்தனை விசில் விட்டாலும் முழிச்சுக்கிட்டு நிக்கும். அதே பருப்பை மழைத் தண்ணியிலயோ ஆத்துத் தண்ணியிலயோ போட்டா வெண்ணெய் மாதிரி கொழையும். எங்க வீட்டுல பருப்புக்குன்னே தனியா ஒரு கொடம் ஆத்துத் தண்ணி புடிச்சு வெச்சிருப்பாங்க. பருப்பு வேகலைன்னா முதல்ல தண்ணியைத்தான் மாத்திப் பார்க்கணும்.

வெங்காயம்னு சொன்னா எங்க ஈரோட்டுப் பெரியாரு ஞாபகந்தான் வரும். உரிச்சுக்கிட்டே போனா உள்ள ஒண்ணும் இருக்காதுங்கற அர்த்தத்துல அவரு மேடையில அடிக்கடி "வெங்காயம்"னு சொல்லுவாரு. அந்த வார்த்தை மேல எனக்குக் கோவம் இல்லை. அவரு அதை எளைச்சவன் மேல வீசலை, பெரிய பெரிய சங்கதிங்க மேலதான் வீசுனாரு. ஆனா சின்ன வெங்காயம் போடறவனுக்குத் தெரியும். உரிச்சாத்தான் ஒண்ணும் இல்லை. மண்ணுல ஊணினா ஒரு காய் பல காயா வெடிச்சு வரும். உரிக்கறவனுக்கு ஒண்ணுமில்லாதது நடறவனுக்கு வெதை.

இப்ப வாட்ஸப்புல ஒரு பழக்கம் வந்திருக்குது. "பழமொழிகளின் உண்மையான பொருள்"னு அனுப்பிக்கிட்டே இருக்காங்க. கழுதைக்குக் கற்பூர வாசனை தெரியுமான்னு நம்ம பாட்டன் பூட்டன் சொன்னதை, அது கழுதையே இல்லை, ஏதோ கோரைப் பாய் தைக்கற சங்கதின்னு எழுத்தைப் பிரிச்சு வேற அர்த்தம் சொல்றாங்க. அதுக்கு ஆதாரம்னு எதையும் காட்டறதில்லை. எனக்கு இது ஒத்துக்கலைங்க. நம்ம ஆளுங்க கழுதையை மட்டமாத்தான் பார்த்தாங்க, கழுதை வெச்சுப் பொழைச்சவனையும் சேர்த்து மட்டமாப் பார்த்தாங்க. அதை ஒத்துக்கறதுதான் நேர்மை. எழுத்தை மாத்திப் பூசி மெழுகினா பாட்டன் பண்ணின தப்பு மறைஞ்சு போயிடாது.

அந்த நேர்மை எங்களுக்கும் வேணும். டவுன்காரன் எங்களைப் பட்டிக்காட்டான்னு சொன்னா எங்களுக்கு வலிக்குது. ஆனா ஊருக்குள்ள நாங்க என்ன பேசறோம்? செத்தவனைப் பொதைக்கறவரு, துணி வெளுக்கறவரு, முடி வெட்டறவரு, இவங்க சாதிப் பேரையும் தொழில் பேரையுமே வசவாக்கி வெச்சிருக்கோம். பறைங்கற நம்ம மேளத்தோட பேருல இருந்து வந்த ஒரு சனத்தோட பேரு, கப்பலேறி இங்கிலீசு அகராதிக்குப் போயி, ஒதுக்கி வெக்கப்பட்டவன்னு அர்த்தமா உக்காந்திருக்குது. அந்த அவமானத்தைக் கொண்டுபோனது வெள்ளைக்காரனா இருக்கலாம். ஆனா அந்தச் சனத்தை அவன் வர்றதுக்கு முந்தியே ஒதுக்கி வெச்சிருந்தது நாம. 2005-ல சட்டமா வந்த நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளைங்களை, "மரத்தடியில ஒக்காந்து கதை பேசற வெட்டிக் கூட்டம்"னு சொல்ற விவசாயிங்க எங்க டீக்கடையிலேயே நாலு பேரு இருக்காங்க. நானும் சொல்லியிருக்கேன். களை வெட்ட ஆள் கெடைக்காத எரிச்சல்ல சொன்னேன். எரிச்சல் நெசந்தான். ஆனா வார்த்தை தப்பு.

இப்ப மறுபடியும் மாட்டுக்கு வர்றேன். மாடு மேய்க்கறது லேசுன்னு நினைக்கறவங்க ஒரு நாள் எங்கூட வாங்க. எங்க பக்கத்துல கொறங்காடுன்னு ஒண்ணு உண்டு. சுத்தியும் கிளுவை வேலி, உள்ள கொழுக்கட்டைப் புல்லு, நடுநடுவுல வெள்வேல மரம். காங்கேயம் மாட்டுக்கு அதுதான் ஆதாரம். எந்தப் பக்கம் எத்தனை நாள் மேய்ச்சா புல்லு மறுபடி எந்திரிக்கும்னு கணக்கு வெச்சு மாட்டை மாத்திக் கட்டணும். ஒரே எடத்துல விட்டா வேரோட போயிடும், அப்பறம் அடுத்த மழைக்கு அங்க புல்லே இருக்காது.

அதை விட முக்கியம் சோளக்காடு. மழையில்லாம வாடி நிக்கற எளஞ்சோளத்துலயும், அறுத்த காட்டுல துளுத்து வர்ற மறுதாம்புலயும் வெசம் ஏறியிருக்கும். சயனைடு வகை வெசம்னு கால்நடை டாக்டருங்க சொல்லுவாங்க. பச்சைப் பசேல்னுதான் இருக்கும், மாடும் ஆசையாத்தான் போகும். வயிறு நெறய மேஞ்சுதுன்னா டாக்டரு வந்து சேர்றதுக்குள்ள மூச்சு வாங்கிச் செத்துடும். எந்தக் காட்டுல விடலாம், எதுல விடக்கூடாதுன்னு தெரிஞ்சவன்தான் மாடு மேய்க்க முடியும். அந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சொல்லிக் குடுக்கறதில்லை. மார்க்கு குறைஞ்சா அனுப்பற தண்டனை வேலை இல்லீங்க இது.

இன்னொரு வேடிக்கை சொல்றேன். பழைய தமிழ்ல மாடுன்னா செல்வம்னும் அர்த்தம். திருக்குறள்ல கல்வி அதிகாரத்தோட கடைசிக் குறள், 400-வது. கல்விதான் அழியாத செல்வம், மத்ததெல்லாம் செல்வமே இல்லைன்னு சொல்ற குறள். அதுல செல்வம்ங்கறதுக்கு வள்ளுவர் போட்டிருக்கற ஒரு வார்த்தை "மாடு". நான் பள்ளிக்கூடத்துல அதை மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சவன். படிக்கலைன்னா மாடு மேய்க்கப் போன்னு திட்டற வாத்தியாருதான் அதையும் சொல்லிக் குடுத்தாரு. ரெண்டும் ஒரே நாள்ல கூட நடந்திருக்கும்.

இதெல்லாம் பெருசாப் பேசறேனே, என் கதையையும் சொல்லிடறேன். பஸ்ல அந்த அம்மணி சொன்ன வார்த்தை இருக்குதே, அதை நான் என் பையனுக்குச் சொல்லியிருக்கேன். அவன் எட்டாவது படிக்கறப்ப கணக்குல 18 மார்க்கு. மார்க்கு அட்டையைப் பார்த்துட்டு, தொழுவத்துல நின்னுக்கிட்டே சொன்னேன், "நீ எங்கூட மாடு மேய்க்கத்தான்டா லாயக்கு"ன்னு. அன்னைக்கு வரைக்கும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கூடக் கழட்டாம கன்னுக்குட்டிகிட்ட ஓடறவன் அவன். அதுக்கப்பறம் தொழுவத்துப் பக்கம் வர்றதைக் குறைச்சுக்கிட்டான். நல்லாப் படிச்சான், வெளியூர்ல ஒரு கம்பெனியில வேலைக்குப் போயிட்டான். எனக்குச் சந்தோசந்தான்.

போன வருசம் எனக்கு முட்டி வலி ஜாஸ்தியாகி, ஒரு மாசம் நடக்கக் கூடாதுன்னுட்டாங்க. "ஒரு பத்து நாள் லீவு போட்டு வந்து மாட்டைப் பார்த்துக்கறியா சாமி"ன்னு போன்ல கேட்டேன். அவன் கோவமாச் சொல்லலை, சாதாரணமாத்தான் சொன்னான்: "மாடு மேய்க்கவாப்பா என்னைய இவ்வளவு படிக்க வெச்சீங்க?"

நான் பதில் சொல்லலைங்க. என்ன சொல்றது? நான் குடுத்த வார்த்தையைத்தான் அவன் திருப்பிக் குடுத்தான். அந்த மாசமே ஒரு ஜோடி காளையை வித்தேன். முட்டி வலி ஒரு காரணம், அந்த வார்த்தையும் ஒரு காரணம்.

விவசாயத்துக்கு ஆள் வரலை, எளவட்டம் எல்லாம் ஊரைக் காலி பண்ணுதுன்னு பேப்பர்ல எழுதறாங்க. மழை, வெலை, கடன், எல்லாம் காரணந்தான். "உழுதவன் கணக்குப் பார்த்தா உழக்கு கூட மிஞ்சாது"ங்கறது இன்னைக்கும் நெசம். ஆனா காசு மட்டுமே காரணம் இல்லை. இந்த வேலை தோத்தவன் செய்யற வேலைன்னு பொறந்ததுல இருந்து காதுல ஓதினா எந்தப் புள்ளை திரும்பி வரும்? வருசத்துல ஒரு நாள் மாட்டுப் பொங்கலுக்கு கொம்புல பூச்சுத்துன மாட்டுப் படத்தை வாட்ஸப்புல அனுப்பி வாழ்த்துச் சொல்றோம். மிச்சம் 364 நாளும் அதே மாட்டைக் காட்டிப் புள்ளைங்களைப் பயமுறுத்தறோம். "விவசாயி நாட்டின் முதுகெலும்பு"ன்னு சொல்ற வாயிலதான் இதுவும் வருது.

அதுக்காக இந்த வார்த்தைங்களை எல்லாம் தடை பண்ணணும்னு நான் கேட்கலைங்க. வசவு இல்லாத பாசை உப்பில்லாத கஞ்சி. எங்கம்மா தம்பிடி பெறாதவனேன்னு திட்டிக்கிட்டேதான் எனக்குச் சோறு ஊட்டுச்சு. கோவம் வந்தாத் திட்டுங்க. பதர்னு கூடச் சொல்லிக்கங்க, அது பொருளைப் பார்த்துச் சொன்ன வார்த்தை. ஆனா இன்னொரு மனுசன் சோறு திங்கற தொழிலை, புள்ளைக்கு ஒரு தண்டனையாக் காட்டாதீங்க. படிக்கலைன்னா கஷ்டப்படுவேன்னு சொல்லணும்னா அதை நேராவே சொல்லிடுங்க. நடுவுல எங்க மாடு எதுக்கு?

இதை எழுத ஆரம்பிச்ச அன்னைக்குச் சாயங்காலம் பையனுக்குப் போன் பண்ணினேன். "எட்டாவது படிக்கறப்ப உன்னைய மாடு மேய்க்கத்தான் லாயக்குன்னு சொன்னேனே, அது தப்பு சாமி"ன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாயிடுச்சுன்னு நினைச்சேன். அப்பறம் கேட்டான், "செவலைக்கு இது எத்தனாவது ஈத்துப்பா?"

நாலாவதுன்னு சொன்னேன். கன்னு போட்டா போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கான். நாள் நெருங்கிடுச்சு, ராத்திரி தொழுவத்துலதான் படுக்கணும். வரட்டுங்களா.